இறங்குவதை எண்ணாத வாட்ச்

கூவம் கரையில் தண்ணீருக்குச் சமமாகக் குடிசை போட்டு, மழை வந்தால் தண்ணீருக்கும் கீழே போய், எப்படியோ பிழைத்துக் கிடந்த எங்களை லாரியில் அள்ளிக்கொண்டுவந்து, ஊருக்கு வெளியே செண்பகா நகரில் எட்டு மாடிக் கட்டடங்களில் ஏற்றி வைத்த அன்றைக்கு, இனிமேல் நீங்கள் எல்லாரும் உயரத்தில் இருப்பீர்கள் என்று மேடையில் ஒருவர் மாலை போட்டுக்கொண்டு பேசினார். எந்த நேரத்தில் வாயைத் திறந்தாரோ, அது அப்படியே பலித்துவிட்டது.

எங்கள் கே பிளாக்கில் லிஃப்ட் இருந்தது. ஒரு வாரம் ஓடியது, அப்புறம் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுகொண்டது, பூனைகள் அதற்குள் எப்படியோ போய்க் குட்டி போட்டன. லிஃப்ட் எப்போது வரும் என்று கேட்கப் போனவர்களோடு நலவாழ்வுத் திட்டத்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். மாடி ஏறுவது இதயத்துக்கு நல்லது, இத்தனை நல்ல படிக்கட்டு இருக்கும்போது லிஃப்ட் எதற்கு என்று சொல்லி, நடக்கிற ஆள் ஒருவர் விடாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிலிருந்து பல் போன கிழவர்கள் வரைக்கும், கையில் ஒரு வாட்சைக் கட்டிவிட்டுப் போனார்கள். அதில் மணி தெரியாது. ஒரு படிக்கட்டுப் படமும் பக்கத்தில் ஓர் எண்ணும்தான் தெரியும். வெயில் பட்டாலே சார்ஜ் ஏறிக்கொள்ளும், கழற்றவே வேண்டாம் என்றார்கள்.

எட்டாவது மாடியில் இருந்த தேசம்மாவின் வீட்டில் மட்டும் ஒரு வாட்ச்தான் கொடுத்தார்கள். அவள் மகள் ஹேமாவதிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டன. பதினைந்து வயதுப் பெண், பத்தாம் வகுப்புக்குப் போக இருந்தாள், பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். "நடக்காதவங்களுக்கு இதுல ஒண்ணும் வராதும்மா" என்று வாட்ச் கட்ட வந்தவர் அவளைத் தாண்டிப் போனார். தேசம்மா புருஷன் விட்டுவிட்டுப் போன பொம்பளை. தண்ணீர் லாரி வரும்போது மற்ற வீடுகளுக்குக் குடம் தூக்கிக் கொடுத்துப் பிழைத்தாள். குடம் இல்லாத நேரத்தில் முதுகில் ஹேமா இருப்பாள். காலையில் இறக்கி, பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் தூக்கிக்கொண்டு ஏறுவாள். ஆகவே எங்கள் பிளாக்கில் மற்ற எல்லாரையும்விட அதிகமாக ஏறியவள் அவள்தான், நடந்த விஷயம் முதலில் அவளுக்கு நடந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்த நாளில், டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்த தேசம்மாவுக்குக் குளிர் எடுத்தது. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. காது அடைத்துக்கொண்டது. கையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிப் பட்டென்று வெடித்தது. அதற்கு அடுத்த வாரம் ஏழாவது மாடிக்காரர்கள் போர்வை தேடினார்கள். அதற்கடுத்து ஆறாவது மாடி. ஐந்தாவது மாடி மல்லிகா, எங்கள் பிளாக் சங்கத்துத் தலைவி, கல்யாணத்துக்கு முன்பு ஊட்டியில் ஒரு லாட்ஜில் துணி துவைத்தவள், ஒரு நாள் காலையில் எழுந்து காதைக் குடைந்துகொண்டே, "இது ஊட்டிக் குளிருடி. எனக்குத் தெரியாதா இன்னா" என்றாள். அப்புறம்தான் எல்லாருக்கும் விளங்கியது. வாட்ச் ஏறுவதை எண்ணியது, இறங்குவதை எண்ணவில்லை. உடம்பு வாட்ச் பேச்சைக் கேட்டது. எட்டு மாடி ஏறி எட்டு மாடி இறங்கினவன் தரைக்கு வந்துவிட்டதாக நினைத்தான், ஆனால் அவன் எட்டு மாடி உயரத்திலேயே இருந்தான், மறுபடி ஏறினால் பதினாறு, அதற்குமேல் இருபத்து நான்கு, இப்படியே நாளுக்கு நாள், தரையில் நடந்தபடியே, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கியபடியே, நாங்கள் எல்லாரும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தோம்.

அதிசயம் என்று யாரும் கூட்டம் கூடவில்லை. எங்களுக்கு வேலை இருந்தது. ஆடி மாதத்துக்குள் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்கப் பழகிக்கொண்டோம். "நான் ஏற்காடு வந்துட்டேன், எங்க வூட்டுக்காரரு இன்னும் திருத்தணியிலதான் குந்திக்கினு கீறாரு" என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். ஒருவருடைய எண்ணிக்கை திருப்பதியைத் தாண்டினால் அக்கம்பக்கத்தார் கோவிந்தா போட்டார்கள். ஸ்வெட்டர் விற்பவன் மே மாதத்தில் எங்கள் வாசலில் கடை போட்டான், பெருங்காயம் விற்க வந்தவன்கூட அதை விட்டுவிட்டு மப்ளர் விற்றான். புருஷன் கொடைக்கானலிலும் பெண்டாட்டி செங்கல்பட்டு மலையிலும் இருந்த வீடுகளில் கட்டிப்பிடித்தால் இரண்டு பேருக்கும் காது வலித்தது. அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வாட்சைக் காட்டச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது, மாமூலாகத் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்.

பழக முடியாமல் போனது சோறு ஒன்றுதான். உயரத்தில் உலை சீக்கிரம் கொதித்தது, கொதித்த தண்ணீரில் விரலை விடலாம் போலிருந்தது, அரிசி வேகவே இல்லை. குக்கர் வைத்தால் வைத்த கையோடு விசில் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், திறந்தால் அரிசி அரிசியாகவே கிடக்கும். அடுப்பு எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை, உலை வைக்கிற கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். வெளியூரிலிருந்து யார் வீட்டுக்காவது விருந்தாளி வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் அவரை அடுப்படிக்கு அழைத்துப்போய்க் கையில் கரண்டியைக் கொடுத்தோம். ரெண்டு மாதத்தில் விருந்தாளி வருவது நின்றுபோனது. வாசல் பிரியாணிக் கடைக்குத் தினம் போகக் கையில் வக்கில்லை. அரைவேக்காட்டு அரிசியை மென்று, வயிறு வலித்து, மறுபடி அதையே மென்றோம்.

வாட்சைக் கழற்றி எறிந்தால் என்ன என்று கேட்கலாம். வெல்டிங் வேலை செய்த சைமன் அப்படித்தான் கேட்டான். டீக்கடைக்கு முன்னால் எல்லாரும் பார்க்க, கட்டரால் வாரை அறுத்தான். அறுத்த மாத்திரத்தில் நின்ற இடத்திலேயே விழுந்தான். எத்தனை மாடியை வாட்ச் சேர்த்து வைத்திருந்ததோ அத்தனை உயரத்திலிருந்து விழுந்தவன் எப்படி இருப்பானோ அப்படிக் கிடந்தான். போலீஸ்காரர் வந்து நிமிர்ந்து பார்த்தார். மேலே டீக்கடைத் தார்ப்பாய் ஒரு கிழிசல்கூட இல்லாமல் இருந்தது. அதற்குப்பின் எங்கள் பிளாக்கில் குளிக்கும்போதுகூட யாரும் வாட்சின் வாரைத் தொடுவதில்லை.

முறையிட்டோம். அளவு சரிபார்க்க நவநீதன் என்று ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான பையன், செருப்பை வாசலில் விட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அதிகம் ஏறுகிறவரை வைத்தே சோதிக்கலாம் என்று தேசம்மாவைக் கூப்பிட்டார். அவள் முதுகில் ஹேமாவோடு ஏற, அவர் பின்னாலேயே ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று வாட்சைப் பார்த்தார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது, அவளுக்கு வாயில் புகை வந்தது.

"எட்டு மாடி ஏறுனீங்க. எட்டுதான் கூடியிருக்கு. சரியாம்மா?"

"சரிதான் சார்."

"அப்ப வாட்ச் துல்லியமா இருக்கு."

"எறங்குறத அது எண்ண மாட்டேங்குதே சார்."

"இறங்குறது உடற்பயிற்சி இல்லம்மா. அதுல மெனக்கெட என்ன இருக்கு?"

தேசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "முதுவுல ஒரு பொண்ணு இருந்துச்சே சார், அது அதுல வருமா?"

"வெயிட் வராதும்மா. மாடி மட்டும்தான் வரும்."

அவர் போய் எழுதிய அறிக்கையில் கருவியில் குறை இல்லை என்றும், குடியிருப்பவர்கள் நன்றாக ஏறுகிறார்கள், லிஃப்ட் பழுதுபார்ப்பதற்கு அவசரம் இல்லை என்றும் இருந்ததாகக் கேள்விப்பட்டோம். செண்பகா நகரிலேயே அதிகம் ஏறியவள் என்று தேசம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு, போட்டோ எடுத்து, ஒரு குக்கரைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தக் குக்கரை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் அதில் ஹேமாவின் பேனா பென்சில்களைப் போட்டு வைத்தாள்.

கால் வராத பிள்ளை இருக்கிற குடும்பத்துக்கு ஏ பிளாக்கில் தரைத்தள வீடு கொடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, அலுவலகத்துக்குப் போய் நின்றாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஊர்லயே நீங்கதாம்மா அதிகம் ஏர்றீங்க. உங்களுக்கு எதுக்குத் தரைத்தளம்? முடியாதவங்களுக்கு வழி விடுங்க" என்றார். சிரித்த முகத்தோடு சொன்னதால் அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் எங்கள் பெண்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. பிளாக்கிலேயே வாட்ச் கட்டாத, அடுப்பு மூட்டத் தெரிந்த வயதில் இருக்கிற ஒரே ஆள் ஹேமா. எட்டாவது மாடியில் வீடு இருந்தாலும் அவள் மட்டும்தான் தரையில் இருந்தாள். அவள் கையால் உலை வைத்தால் சோறு வெந்துவிடும். மல்லிகா ஒரு படி அரிசியைத் தட்டில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு தேசம்மா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, பாப்பாவ ஒரு ஒல வச்சிக் குடுக்கச் சொல்லேன். சோறு பாத்து எம்மா நாளாச்சு."

"பாப்பா படிக்குது, மல்லிகா."

"ஒரு ஒலதானேக்கா."

"இன்னிக்கு உனக்கு ஒரு ஒல. நாளைக்கு எதுத்த வூட்டுக்கு. நாளன்னிக்கு எட்டு மாடிக்கும் அண்டா. அப்பால எம்பொண்ண யாரு கீழ எறங்க வுடுவீங்க? அடுப்பாண்ட ஒக்கார வைக்கறதுக்கா நான் முதுவு ஒடைய அலையறேன்?"

"உம்பொண்ணு படிச்சி கலெக்டர் ஆவப்போவுதா?"

"ஆவட்டும், ஆவாம போவட்டும். நாலு பேரப் போல கீழ போயிட்டு வரட்டும்."

மல்லிகா அரிசியோடு திரும்பினாள். வெந்த சோற்று வாசனை வந்தால் கதவைத் தட்டிவிடுவோம் என்று பயந்து, தேசம்மா தனக்குக்கூட ஹேமாவை உலை வைக்க விடவில்லை. தானே வைத்தாள், வேகாததைப் பிசைந்து மகளுக்கும் ஊட்டி, தானும் தின்றாள். எங்களுக்கு ஆத்திரமாக இருந்தது. அதுவரைக்கும் சில நாட்களில் ஹேமாவை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்க ரெண்டு பையன்கள் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே ஒவ்வோர் ஏற்றத்துக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அரிசி விஷயத்துக்குப் பிறகு ஒரேயடியாக நின்றுகொண்டார்கள். நாற்காலி மாடியிலேயே கிடந்தது. தேசம்மா ஒரு நாள் விடாமல் முதுகில் தூக்கினாள்.

ஊட்டியைத் தாண்டினாள். தொட்டபெட்டாவைத் தாண்டினாள். அதற்குமேல் எங்களுக்குத் தெரிந்த மலை இல்லை. ஹேமா புவியியல் புத்தகத்தில் பனி மூடிய மலைகளைக் காட்டி, அம்மா இப்போது இங்கே இருக்கிறாள் என்று சொல்வாள். தேசம்மாவின் உதடு நீலம் பாய்ந்தது, குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் மெலிந்தது, பக்கத்தில் நின்று பேசினாலும் பாதிதான் கேட்கும். அவள் கை பட்ட குடத்துத் தண்ணீர் மேலாக உறைந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஹேமா மட்டும் அம்மாவின் விரல்களைத் தன் கழுத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டே முதுகில் போவாள்.

"நான் பள்ளிக்கூடம் போவலமா. வூட்லயே கீறேன்."

"பரீட்ச முடியட்டும்."

"நீ செத்துடுவமா."

"பேசாம வா. பேசுனா வெயிட்டா கீற."

அது விளையாட்டுக்குச் சொன்னதா, உண்மையில் அப்படித்தான் இருந்ததா என்று தெரியாது.

பொதுத்தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஹால் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த சாயங்காலம், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் இருக்கிற திருப்பத்தில் தேசம்மா நின்றாள். முதுகிலிருந்த மகளைப் பதனமாக இறக்கிப் படியில் உட்கார வைத்தாள். பாவாடையை இழுத்துக் காலை மூடிவிட்டாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். காற்று இருக்கிற உயரத்தை அவள் தாண்டிவிட்டாள்.

ஹேமா கத்தியது எட்டு மாடிக்கும் கேட்டது. எல்லாரும் வந்தோம். பெண்கள் அழுதார்கள், உண்மையாகவே அழுதார்கள், மல்லிகாவும் மார்பில் அடித்துக்கொண்டாள். ஆனால் பிணத்தை வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டும் என்றபோது ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழாவது மாடி, அதற்குமேல் எட்டு. எப்படியும் திரும்பக் கீழேதானே இறக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. திருப்பத்திலேயே பாயைப் போட்டுக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்தோம். கையிலிருந்த வாட்சை மட்டும் யாரும் அறுக்கவில்லை. செத்தவள் விழ மாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவள் விழுந்தால் கட்டடம் தாங்குமா?

மறுநாள் காலையில் எடுப்பதற்கு முன்னால், வாய்க்கரிசி போட மகளிடம் பச்சரிசித் தட்டை நீட்டினார்கள். ஹேமா அதை வாங்கவில்லை.

"எங்கம்மா இத்தினி மாசமா இதத்தான துன்னுச்சு. செத்தப்புறமும் இதையா போடுவீங்க? அடுப்ப எடுத்தாங்க. நான் வெந்தது போடறேன்."

முறை இல்லைதான். ஆனாலும் ஒருவரும் தடுக்கவில்லை. ஒற்றை அடுப்பும் சிலிண்டரும் திருப்பத்துக்கு வந்தன. ஹேமா ஒரு சின்னப் பாத்திரம் கேட்டாள். மல்லிகா சங்கத்துப் பெரிய பானையைக் கொண்டுவந்து வைத்தாள். "போடறதுதான் போடற, கொஞ்சம் சேத்தே போடு பாப்பா" என்றாள். ஹேமா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு உலை வைத்தாள்.

உலை கொதித்தது. நிஜமான கொதி, மூடியைத் தூக்கி எறிகிற கொதி. அரிசி பொங்கி வந்தது. கஞ்சி வடிக்கும்போது எழுந்த வாசனை படிக்கட்டு வழியாக மேலேயும் கீழேயும் போயிற்று. கதவுகள் திறந்தன. ஏறினால் கூடும் என்பதை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, முதல் மாடிக்காரர்கள்கூட ஏறி வந்தார்கள். ஹேமா ஒரு பிடி சோற்றை எடுத்து, ஊதி ஆற வைத்து, உயிரோடு இருப்பவளுக்கு ஊட்டுவதுபோல அம்மா வாயில் வைத்தாள். உதட்டோரத்தில் ஒட்டிய பருக்கையை விரலால் துடைத்தாள். அழுகை அடங்காமல் தலையைக் குனிந்தபடி இருந்தவள், ஓசை கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். மேல் படிகளிலும் கீழ்ப் படிகளிலும் ஆட்கள் நின்றார்கள். ஆளுக்கொரு தட்டு வைத்திருந்தார்கள்.

பாடையைத் தூக்கியாயிற்று. கீழே இறக்கப் பாரம் தெரியவில்லை. மல்லிகா ஹேமாவின் தலையைத் தடவினாள்.

"நீ ஒண்ணியும் கவலப்படாத பாப்பா. உன்ன நாங்க அநாதையா வுட்ருவமா? எட்டு பேரு நிக்கறாங்க பாரு. நாற்காலி கூட வாணாம், அப்படியே அலாக்கா மேல தூக்கிக்கினு போயி உங்க வூட்ல வுட்டுடுவோம். அடுப்பு, சிலிண்டரு, எல்லாம் நாங்க பாத்துக்கறோம். ஒரு கொறையும் இருக்காது."

எட்டுப் பேரும் முன்னால் வந்தார்கள். முன்பு கை கொடுத்து நின்றுபோன ரெண்டு பையன்களும் அதில் இருந்தார்கள்.

"பரீட்சைக்கு?" என்றாள் ஹேமா.

"இன்னாது?"

"திங்கக்கெழம எனக்குப் பரீட்ச. யாரு எறக்கிவுட்டு ஏத்துவீங்க?"

"மொதல்ல சாவு காரியம் முடியட்டும். அப்பால பேசிக்கலாம்" என்றாள் மல்லிகா. அவள் பேச்சில் வஞ்சகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பசி இருந்தது.

ஹேமா எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"மேல தூக்கிக்கினு போறதுக்கு எட்டு பேரு வரீங்க. கீழ எறக்கறதுக்கு எங்கம்மா ஒருத்திதான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு, ஹால் டிக்கெட்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். ரெண்டு கையையும் தரையில் ஊன்றி, உடம்பை இழுத்து, முதல் படியில் இறங்கி உட்கார்ந்தாள். கால்களைக் கையால் எடுத்து அடுத்த படியில் வைத்தாள். மறுபடி கையை ஊன்றி இறங்கினாள். பாடை போன வழியிலேயே, பூ இதழ்கள் சிதறிக் கிடந்த படிகளில், பாவாடை தேயத் தேய, நிறுத்தாமல் இறங்கினாள். திரும்பி ஏற மாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. படியில் நின்றவர்கள் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி, அவளுக்கு வழி விட்டார்கள். யாரும் பிடித்து நிறுத்தவில்லை, யாரும் கை கொடுக்கவும் இல்லை.

அவள் நான்காவது மாடித் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் பானை காலியாகிவிட்டது.